எலியில் வெற்றி என்று போடுங்கள், எலியின் வீட்டைப் பற்றியும் ஒரு வரி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் அறிவியல் பக்கத்தில், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்களுக்கு இனி ஆயுள் முழுக்க மாத்திரை தேவைப்படாது என்கிற பாணியில் ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். என் மைத்துனருக்குச் சிறுநீரகம் மாற்றிச் சில வருடங்கள் ஆகின்றன. காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, அலாரம் வைத்துக்கொண்டு மாத்திரை விழுங்குகிறவர். அவர் அந்தப் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்துவிட்டார். "அத்தான், இது நமக்கு எப்ப கிடைக்கும்?" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தேன். கடைசிப் பத்திக்கு முந்தின பத்தியில், மூன்றாவது வரியில், "எலிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில்" என்று இருந்தது. தலைப்பில் எலி இல்லை, முதல் பத்தியில் இல்லை. படத்திலும் இல்லை, படத்தில் ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார்.

சண்டை போட எழுதவில்லை. ஆனால் இதைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. 26 வருடம் நான் வேலை பார்த்தது ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் சுண்டெலிக் கூடத்தில். விஞ்ஞானி இல்லை, கூடத்தை நடத்துகிற ஆள். கூண்டு கழுவுகிறவனாகச் சேர்ந்து மேற்பார்வையாளனாக ஓய்வு பெற்றேன். எங்கள் கூடத்து எலிகள் இரண்டு விதமான ஆராய்ச்சிக்குப் போகும்: ஒன்று உறுப்பு மாற்று, இன்னொன்று நோய்த்தொற்று. இரண்டுக்கும் என்ன சம்பந்தம், ஏன் ஒரே கூரையின் கீழ் என்று புதிதாக வருகிற எல்லோரும் கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "ஆய்வகம்" என்றதும் சோதனைக்குழாயும் மைக்ரோஸ்கோப்பும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன, எலி எங்கே குடியிருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. உள்ளே போக வேண்டுமென்றால் வெளி உடுப்பைக் கழற்றி, குளித்து, கொதிநீராவியில் சுத்தம் செய்த உடுப்பை மாட்டி, தலைக்கும் காலுக்கும் உறை போட்டு, இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்று காற்று வீசி முடித்த பிறகுதான். உள்ளே அடுக்கடுக்காகக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பெட்டிகள், ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக வடிகட்டிய காற்று வந்து போகும் குழாய். தீனி, தண்ணீர், படுக்கைக்குப் போடும் மரச்சீவல், எல்லாமே ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கொதிகலனில் வெந்துதான் உள்ளே வரும். விளக்கு நேரத்துக்குத் தானாக எரியும், தானாக அணையும். நாங்கள் வேலைக்கு வரும் நேரம் அவற்றுக்குத் தூங்கும் நேரம், கூடு மாதிரி பஞ்சைச் சுற்றிக்கொண்டு நாலைந்து ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஓர் அட்டை: வம்சம், ஆணா பெண்ணா, பிறந்த தேதி, தாய் தகப்பன் யார். அந்த அட்டைதான் எங்களுக்கு எல்லாமே.

வம்சம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த எலிகள் வயலில் ஓடுகிற எலிகள் இல்லை. அண்ணன் தங்கையை இணைசேர்த்து, அதன் குட்டிகளில் மறுபடி அண்ணன் தங்கையை இணைசேர்த்து, இப்படிக் குறைந்தது 20 தலைமுறை போனால்தான் அதைத் தூய வம்சம் என்று ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த வம்சத்தில் ஒன்றுக்கொன்று இரட்டைப்பிள்ளை மாதிரி. கிளாரன்ஸ் லிட்டில் என்ற அமெரிக்கர் 1909இல் இதைத் தொடங்கினார். இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்குகிற கறுப்புச் சுண்டெலி, நாங்கள் 'பிளாக் 6' என்று கூப்பிடுவது, 1921இல் அவர் கையில் உருவான வம்சத்தின் வாரிசு. அதன் முப்பாட்டிகள் அபி லாத்ராப் என்ற பெண்மணி வளர்த்த எலிகள். ஆசைக்காக எலி வளர்ப்பவர்களுக்கு விற்க ஆரம்பித்து, பிறகு ஆராய்ச்சியாளர்களுக்கும் கொடுத்தவர் அவர். படிப்பு முடித்த விஞ்ஞானி இல்லை, ஆனால் எந்த எலிக்கு எப்போது கட்டி வந்தது என்று கணக்கு எழுதி வைத்தவர். எங்கள் தொழிலுக்கு அவர்தான் மூத்தவர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

உறுப்பு மாற்று விஞ்ஞானமே இந்த வம்சங்களின் மேல்தான் நிற்கிறது. ஒரு பிளாக் 6 எலியின் தோலை இன்னொரு பிளாக் 6 எலிக்கு ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், மூன்று வாரத்தில் முடி முளைத்துவிடும். வேறு வம்சத்து வெள்ளை எலியின் தோலை ஒட்டினால் பத்து நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் கறுத்து, விறைத்து, காய்ந்த சருகு மாதிரி உதிர்ந்துவிடும். இந்த வித்தியாசத்துக்கு எந்த மரபணு காரணம் என்று தேடித்தான் 1936இல் பீட்டர் கோரர் லண்டனில் ஒரு தடயத்தைப் பிடித்தார், ஜார்ஜ் ஸ்னெல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் வருடக்கணக்காக எலிகளை இணைசேர்த்து அந்த மரபணுப் பகுதியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அதே பகுதிக்கு மனித உடம்பில் இருக்கும் இணையைத்தான், என் மைத்துனருக்குச் சிறுநீரகம் பொருந்துமா என்று ஆஸ்பத்திரியில் 'எச்.எல்.ஏ' பரிசோதனையில் பார்த்தார்கள். ஸ்னெல்லுக்கு 1980இல் நோபல் கிடைத்தது. இடையில் 1947இல் ஒரு பெரும் காட்டுத்தீயில் அந்த ஆய்வகமே எரிந்து, எலிகளில் பெரும்பகுதி செத்துப்போனது. அதற்கு முன் அங்கிருந்து எலி வாங்கிப்போன மற்ற ஆய்வகங்கள் அந்தந்த வம்சத்தைத் திருப்பி அனுப்பியதால்தான் மறுபடி எழுந்தது. வம்சம் போனால் திரும்பாது, எங்காவது ஒரு ஜோடி மிச்சமிருந்தால்தான் உண்டு.

அட்டைதான் எல்லாமே என்றேன் இல்லையா, அதற்கு என் அனுபவம் ஒன்று. ஆராய்ச்சி மாணவி ஒருவர் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஒப்பீட்டுக்காக வைத்திருந்த கூட்டத்தில், பிளாக் 6 தோலைப் பிளாக் 6 எலிக்கே ஒட்டியிருந்தார். அது ஒட்டியே ஆக வேண்டும், அதில் சந்தேகமே கிடையாது. நாலாவது வாரம் பார்த்தால் அதில் பாதி எலிகளில் ஒட்டு சுருங்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் அழாத குறை. தன் கை சரியில்லை, தையல் சரியில்லை, கட்டை முன்னாலேயே பிரித்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்தார். நான் அட்டைகளை எல்லாம் எடுத்துவந்து மேசையில் பரப்பினேன். தோல் கொடுத்த எலிகள் ஆண், வாங்கிய எலிகள் பெண். இந்த வம்சத்தில் ஆணின் தோலைப் பெண் மெதுவாக, ஆனால் கண்டிப்பாக உதறிவிடும். ஆணின் ஒய் குரோமோசோமில் இருந்து வருகிற ஒரு புரதம் பெண்ணின் உடம்புக்கு அந்நியம். 1955லேயே கண்டுபிடித்த விஷயம், புத்தகத்தில் இருக்கிறது, அந்த மாணவிக்கும் தெரியும். தவறு எங்கே நடந்தது என்றால், பால் மறக்கடித்த அன்று குட்டிகளைப் பிரித்தபோது எங்கள் ஆள் ஒருவர் ஓர் அடுக்கின் அட்டைகளை மாற்றிச் செருகிவிட்டார். ஆமாம், எங்கள் ஆள், என் பொறுப்பு. மூன்று மாத வேலை போயிற்று. மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதி முடித்திருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது.

இப்போது அந்தச் சம்பந்தத்துக்கு வருகிறேன். உடம்புக்கு அடுத்தவர் சிறுநீரகத்தின் மேல் பகை எதுவும் இல்லை. லட்சக்கணக்கான வருடங்களில் எந்த எலிக்கும் யாரும் தோல் ஒட்டியது கிடையாது, ஆகவே உறுப்பை நிராகரிப்பதற்கென்று இயற்கை ஓர் ஏற்பாட்டைச் செய்திருக்க முடியாது. அந்த ஏற்பாடு கிருமிக்காக. இதை எலிக்கூடம்தான் காட்டிக்கொடுத்தது. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர் என்பவர் ரத்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்காகப் பிறந்த அன்றே எலிக்குட்டிகளின் மார்பில் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தார். அந்தக் காலத்தில் தைமஸ் ஒன்றுக்கும் உதவாத தசை என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருந்தார்கள். அந்தக் குட்டிகளுக்கு வேறு வம்சத்துத் தோலை ஒட்டினால் ஒட்டிக்கொண்டது, முடி கூட முளைத்தது. ஆனால் அதே குட்டிகள் பால்குடி மறந்த பிறகு ஒவ்வொன்றாக இளைத்து நோயில் விழுந்து செத்தன. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் பிழைத்தன. யோசித்துப் பாருங்கள்: தோலை ஏற்றுக்கொள்கிற எலிதான் கிருமியிடம் தோற்கிற எலி. உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்க என் மைத்துனர் மாத்திரை சாப்பிடுவதும், கூட்டத்துக்குள் போகும்போது முகக்கவசம் போடுவதும் இந்த ஒரே நாணயத்தின் இரண்டு பக்கம்.

1974இல் கான்பெராவில் ரோல்ஃப் சிங்கர்நாகலும் பீட்டர் டோஹர்டியும் இதை முடிச்சுப் போட்டார்கள். எலிக்கு ஒரு மூளைக்காய்ச்சல் வைரஸைக் கொடுத்து, அதன் எதிர்ப்புச் செல்களை எடுத்துப் பார்த்தால், அவை வைரஸ் பிடித்த எந்தச் செல்லையும் கொல்வதில்லை. தன் வம்சத்து மரபணு முத்திரை உள்ள செல்லில் வைரஸ் இருந்தால் மட்டுமே கொல்கின்றன. அந்த முத்திரை எது? ஸ்னெல் தோல் ஒட்டிப் பிரித்தெடுத்த அதே பகுதி. அதாவது உறுப்பு மாற்றுக்காரர்கள் தங்களுக்குத் தொல்லை என்று நினைத்திருந்த மரபணு, நிஜத்தில் தொற்றைக் கண்டுபிடிக்கிற காவல்காரன். 1996இல் இவர்களுக்கும் நோபல். ஒரே கூரையின் கீழ் ஏன் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்கிற பதில் இதுதான்.

ஒரே கூரை என்றாலும் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. உறுப்பு மாற்று எலிகள் இருக்கும் அறையில் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதலாக இருக்கும், கதவைத் திறந்தால் காற்று வெளியே போகும், கிருமி உள்ளே வராது. காசநோய் மாதிரித் தொற்று ஆராய்ச்சி நடக்கும் அறையில் தலைகீழ்: அழுத்தம் குறைவு, கதவைத் திறந்தால் காற்று உள்ளே இழுக்கும், கிருமி வெளியே போகாது. ஒரு பக்கம் எங்களிடமிருந்து எலியைக் காப்பாற்றுகிறோம், இன்னொரு பக்கம் எலியிடமிருந்து எங்களை. இந்தப் பக்கம் போனவர் அதே நாளில் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒரு வரிசை முறை உண்டு, அதை மீறுகிறவர் எவ்வளவு பெரிய பேராசிரியராக இருந்தாலும் நான் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறேன். அதற்காக வாங்கிய திட்டும் கொஞ்சமில்லை.

நெருக்கமாக ஒன்று சொல்லட்டுமா. எலிக்கு இதய மாற்று செய்வார்கள் தெரியுமா? 20, 25 கிராம் எடையுள்ள பிராணி. கொடுக்கிற எலியின் இதயத்தை எடுத்து, வாங்குகிற எலியின் வயிற்றுக்குள், முதுகை ஒட்டிப் போகிற பெரிய ரத்தக்குழாய்களில் இணைப்பார்கள். தலைமுடியைவிட மெல்லிய நூலில், மைக்ரோஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே தையல். எலியின் சொந்த இதயம் மார்பில் அதுபாட்டுக்கு அடிக்கும், வந்த இதயம் வயிற்றில் அடிக்கும். 1973இலிருந்து செய்கிறார்கள். அது உயிரோடு இருக்கிறதா என்று தினமும் பார்க்கிற கருவி என்ன தெரியுமா? விரல். எலியை மெதுவாகப் பிடித்து, வயிற்றில் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் ஒன்றும் தெரியாது, நம் விரலின் நாடியே குழப்பும். பழகிய பிறகு அந்த டிக்டிக் தெரியும், செல்போன் அதிர்கிற மாதிரி, இன்னும் மெலிதாக. நன்றாக அடித்தால் நாலு மதிப்பெண், நின்றுபோனால் பூஜ்யம். சில நாள் நாலு மூன்றாகும், மறுநாள் இரண்டாகும். அட்டையில் அந்த எண்ணை எழுதும்போது கை தயங்கும். உங்கள் செய்தியில் "மாற்று உறுப்பு நூறு நாள் நீடித்தது" என்று ஒரு வரி வந்தால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவர் நூறு நாள் விரல் வைத்துப் பார்த்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து.

சரி, கூடம் கெட்டுப்போனால் என்ன ஆகும்? அதையும் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடுக்கிலும் 'காவல் எலி' என்று ஒரு பெட்டி வைப்போம். மற்றப் பெட்டிகளின் அழுக்குப் படுக்கையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் போட்டுக்கொண்டே வருவோம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதன் ரத்தத்தைப் பார்த்தால், அடுக்கில் எங்காவது தொற்று இருந்தால் தெரிந்துவிடும் என்று கணக்கு. (எல்லாக் கிருமியும் படுக்கை வழியாகப் பரவாது. அதனால் இப்போது காற்று வெளியேறும் குழாயின் தூசியை எடுத்து பி.சி.ஆர் செய்கிறார்கள், அது இன்னும் நம்பகமானது.) ஒரு தடவை காவல் எலியின் ரத்தத்தில் எலிக் கல்லீரல் அழற்சி வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. அது ஒரு கொரோனா வைரஸ். உலகம் 2020இல் கற்றுக்கொண்ட அந்த வார்த்தை எங்கள் பதிவேட்டில் அதற்கு எத்தனையோ வருடம் முன்பே இருந்தது. மனிதருக்கு வராது. ஆரோக்கியமான பெரிய எலிக்கும் வெளியே ஒன்றும் தெரியாது, ஓடும், தின்னும், குட்டி போடும். ஆனால் அதன் எதிர்ப்புச் செல்களின் நடத்தையே மாறிவிடும். தைமஸ் இல்லாமல் பிறக்கிற முடியில்லா எலி மாதிரி வகைகள் அதிலேயே இளைத்துச் செத்துப்போகும்.

எப்படி வந்தது? யாரோ வெளியிலிருந்து வாங்கிவந்த செல்களைச் சோதிக்காமல் எலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அவசரம், கட்டுரை அனுப்பக் கடைசித் தேதி. அவ்வளவுதான். பிறகு நடந்ததை நான் அதிகம் எழுத விரும்பவில்லை. அந்த அறையில் ஓர் எலிகூட மிஞ்சவில்லை. முக்கியமான வம்சங்களின் கருக்களை எடுத்துக் கழுவி, சுத்தமான தாய் எலியின் வயிற்றில் வைத்துப் புதிதாகப் பிறக்க வைத்தார்கள். அறை முழுக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி. இரண்டு மாணவர்களின் தோல் ஒட்டுக் கணக்குகள் குப்பைக்குப் போயின. ஒட்டு நிராகரிக்கப்பட்டது மருந்தினாலா, வைரஸினாலா என்று இனி யாராலும் சொல்ல முடியாது அல்லவா. கடைசி அடுக்கைக் காலி செய்த அன்று எங்கள் கூட்டத்தில் ஒருவரும் மதியம் சாப்பிடவில்லை.

இதுவரை படித்தவர்கள் "அப்படியானால் எலி எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது" என்று நினைப்பீர்கள். நானும் ரொம்ப வருடம் அப்படித்தான் நினைத்தேன், அதில் பெருமையும் பட்டேன். அங்கேதான் அடி விழுந்தது. என் மைத்துனர் கேட்ட கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

மாத்திரை இல்லாமலே உடம்பை மாற்று உறுப்போடு சமாதானம் செய்துவைக்கலாம் என்பது இன்று நேற்றுக் கனவு இல்லை. 1953இல் பில்லிங்ஹாம், பிரென்ட், மெடாவர் மூவரும், பிறப்பதற்கு முன்பே வேறு வம்சத்துச் செல்களைக் கொடுத்துவிட்டால், அந்தக் குட்டி வளர்ந்த பிறகு அந்த வம்சத்துத் தோலை ஏற்றுக்கொள்ளும் என்று எலியில் காட்டினார்கள். மெடாவருக்கு 1960இல் நோபல். அன்றிலிருந்து எத்தனையோ வழிகளில் எலியை மாற்று உறுப்போடு சமாதானமாக்கிவிட்டார்கள், மனிதரிடம் வந்தால் பெரும்பாலும் நடப்பதில்லை. 2003இல் ஓர் ஆய்வுக்குழு வித்தியாசமாக ஒன்று செய்தது: எலிகளுக்கு முதலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில வைரஸ் தொற்றுகளைக் கொடுத்துக் குணமாக விட்டு, பிறகு அதே சமாதான சிகிச்சையைக் கொடுத்தது. சுத்தமான எலிகளில் அழகாக வேலை செய்த சிகிச்சை, நோய்ப்பட்டுத் தேறிய எலிகளில் தோற்றுவிட்டது. காரணம், பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்களில் சில, புதிதாக வந்த தோலையும் பழைய எதிரியின் ஜாடை என்று நினைத்துப் பாய்கின்றன. வளர்ந்த மனிதர் ஒவ்வொருவரும் எத்தனை ஜலதோஷம், எத்தனை காய்ச்சல் தாண்டி வந்தவர். எங்கள் எலி ஒன்றைக்கூடத் தாண்டியதில்லை. நாங்கள்தான் தாண்ட விடவில்லை.

2016இல் மின்னசோட்டாவில் இன்னொரு குழு, செல்லப்பிராணிக் கடையில் வாங்கிய சாதாரண எலிகளை ஆய்வகச் சுத்த எலிகளோடு ஒரே பெட்டியில் விட்டது. எங்கள் தொழிலில் இது கிட்டத்தட்டப் பாவம். சுத்த எலிகளில் சில செத்தன. பிழைத்தவற்றின் எதிர்ப்பு சக்தியைப் பார்த்தால், முன்பு பிறந்த குழந்தையின் எதிர்ப்பு சக்தி மாதிரி இருந்தது, இப்போது வளர்ந்த மனிதருடையது மாதிரி ஆகியிருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இருபது வருடத்துக்கும் மேலாக நான் கட்டிக்காத்தது குழந்தைகளையா?

2006இல் லண்டனில் நடந்ததும் இதில் சேர்த்தி. டி.ஜி.என் 1412 என்ற ஒரு மருந்து, எதிர்ப்பு சக்தியைச் சாந்தப்படுத்தும் என்று எதிர்பார்த்தது, ஆரோக்கியமான ஆறு இளைஞர்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. சில மணி நேரத்தில் ஆறு பேரும் உயிருக்குப் போராடினார்கள், எல்லோரும் பிழைத்தது அதிர்ஷ்டம். அதே வகை மருந்து ஆய்வக எலிகளில் சாந்தமாகத்தான் நடந்துகொண்டது. 2019இல் என்ன செய்தார்கள் என்றால், ஆய்வக எலியின் கருவைக் காட்டு எலியின் வயிற்றில் வைத்து, காட்டு எலியின் எல்லாக் கிருமிகளோடும் பிறக்க வைத்து, அந்தக் குட்டிகளின் வாரிசுகளுக்கு அந்த வகை மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மனிதருக்கு வந்த மாதிரியே எதிர்ப்புச் செல்கள் கொந்தளித்தன. மரபணு அதேதான், வீடுதான் வேறு.

குளிரும் இருக்கிறது. எலிக்கு வசதியான வெப்பம் சுமார் 30 டிகிரி, நாங்கள் அறையை வைத்திருப்பது 20 முதல் 26 டிகிரிக்குள், ஏனென்றால் முழு உறை போட்டுக்கொண்டு வேலை செய்கிற மனிதருக்கு அதுதான் வசதி. பஞ்சைக் கொடுத்தால் கூடு கட்டிச் சமாளிக்கும், ஆனாலும் எந்நேரமும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டே வாழ்கிற பிராணி அது. எலும்பு மஜ்ஜை மாற்றிய எலிகளில், வந்த செல்கள் எலியின் உடம்பையே தாக்குகிற நோய், குளிர்ந்த அறையில் அடங்கியும் வெதுவெதுப்பான அறையில் மூர்க்கமாகவும் இருப்பதாக 2015இல் காட்டினார்கள். ஏ.சி.யின் எண்ணை மாற்றினால் முடிவு மாறுகிறது. இதை எந்தச் செய்தியில் போடுகிறீர்கள்?

எலியால் ஒன்றும் ஆகாது, மூடிவிடுங்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிராகரிப்பை அடக்க 1986இல் அனுமதி பெற்ற முதல் ஒற்றைவகை எதிர்ப்புப் புரத (மோனோகுளோனல் ஆன்டிபாடி) மருந்து எலியின் செல்லிலிருந்து வந்தது. கொரோனா வந்தபோது சாதாரண எலிக்கு அந்த வைரஸ் தொற்றவில்லை, வைரஸ் பற்றிக்கொள்கிற மனித ஏற்பிப் புரதத்தைச் சேர்த்த எலி தேவைப்பட்டது. அப்படி ஒரு வம்சத்தை 2007லேயே பழைய சார்ஸ் நோய்க்காக அயோவாவில் உருவாக்கியிருந்தார்கள். யாரும் கேட்காததால் அது விந்தணுவாக உறைந்து கிடந்தது. 2020இல் அதை எடுத்து உயிர்ப்பித்துத்தான் உலகமெங்கும் தடுப்பூசி, மருந்து ஆய்வுகளுக்கு அனுப்பினார்கள். யாருக்கும் வேண்டாத வம்சத்தையும் தூக்கிப் போடாமல் வைத்திருந்த கூடம்தான் அந்த நேரத்தில் கை கொடுத்தது. எலி இல்லாமல் செய்யக்கூடியதை எலி இல்லாமல் செய்யட்டும், அந்த வழிகள் வளரட்டும், எனக்குச் சந்தோஷம்தான். எண்ணிக்கையைக் குறை, வலியைக் குறை, முடிந்தால் வேறு வழி தேடு என்று ரஸலும் பர்ச்சும் 1959லேயே எழுதிவிட்டார்கள். மோசமாக நடத்தப்பட்ட கூடத்தில் வீணாகிற எலிதான் எனக்குத் தெரிந்து மிகப்பெரிய கொடுமை, ஏனென்றால் அது யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் சாகிறது.

உங்கள் செய்தியில் சொன்ன சிகிச்சைக்கு வருகிறேன். இரண்டு செல்கள் ஒன்றோடொன்று பேசும் சமிக்ஞையைத் தடுக்கிற வகை என்று எழுதியிருந்தீர்கள். இந்தக் குடும்பத்து மருந்து ஒன்று, சிடி154 என்ற புரதத்தைத் தடுப்பது, 1990களில் எலியிலும் குரங்கிலும் அற்புதமாக வேலை செய்தது. மனிதரிடம் வந்தபோது ரத்தக்கட்டு உண்டாகி, நிறுத்த வேண்டியதாயிற்று. மனித ரத்தத் தட்டணுவில் இருக்கும் ஒரு ஏற்பி எலியின் தட்டணுவில் இல்லை, அதனால் எலியில் அந்த ஆபத்து தெரியவே தெரியாது. இப்போது அந்த மருந்தின் வால் பகுதியை மாற்றி அமைத்து, மனிதரிடம் மறுபடி சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நம்பிக்கை தரும் விஷயம்தான். ஆனால் எலியில் நடந்ததற்கும் இந்த இடத்துக்கும் நடுவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. இதையெல்லாம் மைத்துனரிடம் சொன்னேன். "அப்ப என் ஆயுசுல இல்லையா?" என்றார். தெரியாது என்றேன். பக்கத்தை மறுபடி நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எட்டு மணி அலாரம் அடித்தது.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இம்மாதிரிச் செய்தி போடும்போது "எலியில்" என்ற சொல்லைத் தலைப்பிலேயே போடுங்கள். உள்ளே ஒரே ஒரு வரி சேருங்கள்: எந்த வம்சம், ஆணா பெண்ணா, எத்தனை வார வயது, கிருமி இல்லாத கூண்டா அல்லது நோய்கள் தாண்டி வந்த எலியா. ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் பெரும்பாலும் இருக்கும், இல்லையென்றால் எழுதியவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம். அவர்களுக்கும் தெரியவில்லை என்றால், அதுவே ஒரு செய்தி. தலைப்பில் இடம் போதவில்லை என்று உங்கள் பக்க வடிவமைப்பாளர் சொல்வார், எனக்குத் தெரியும். எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள், அந்த டாக்டர் படத்தையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுண்டெலிக்கூட மேற்பார்வையாளர்
(பெயர் வெளியிட வேண்டாம்)